காலியான பிஸ்கட் பெட்டி

கையில் கேள்வித்தாள், பக்கத்தில் பிஸ்கட் பெட்டி என்று காலையிலிருந்து கேன்டீன் வாசலில் நிற்கிறாள் ஆராய்ச்சி மாணவி. பதில் எழுதித் தருகிறவர்களுக்குப் பிஸ்கட் இலவசம். இன்றைக்குள் பதில்கள் சேராவிட்டால் ஒரு வருஷ உழைப்பு வீண்.

"தம்பி, ஒரு நிமிஷம்!"

"பரீட்சையா? ஆளை விடுங்க."

ஈ காக்கா நெருங்கவில்லை. அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கரைந்த புளிக்குத் துணையாக ஒரு பிஸ்கட்டை உள்ளே தள்ளினாள். அப்புறம் இன்னொன்று.

சாயங்காலம் பேராசிரியர் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"அட, காலி! அத்தனை பேரா எழுதினாங்க?"

"ஒருத்தரும் எழுதல சார். பயத்துல நானே..." என்று வாயோரத்துப் பொடியைத் துடைத்தாள்.

"நம்ம தலைப்பு என்ன, சொல்லு பார்ப்போம்?"

"மன அழுத்தம் வந்தா மாணவர்கள் எப்படிச் சாப்பிடுறாங்கன்னு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் பேனாவை நீட்டினார்.

"உட்காரும்மா. முதல் ஆள் சிக்கியாச்சு."