சைவப் பிள்ளைக்கு என்ன வெட்டு?

"கேட்டனீங்களோ, தலைமைக் கிளாக்கர் இராசதுரையருக்கு வரப்போற மருமகன் சுன்னத்துச் செய்து போட்டாராம்."

பேக்கரியில் பாண் வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி சொன்னாள்.

"அப்ப தையில வைக்கிற கலியாணத்துக்கு முன்னம் சுன்னத்துக் கலியாணம் முடிஞ்சுது" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

பின்னால் நின்ற பூரணி பாண் வாங்காமலே வீட்டுக்கு நடந்தாள். அவள்தான் இராசதுரையின் ஒரே மகள். தையில் இரத்தினசிங்கத்துக்குக் கழுத்து நீட்டப்போகிறவளும் அவள்தான்.

கதை அவளுக்கு முந்தியே வீட்டுக்கு வந்திருந்தது.

"நான் கோயில் சபைச் செயலாளர். நாளைக்கு மருமகன் தொப்பியோட பந்தியில வந்து இருந்தால் நான் எங்க போய் முகத்தை வைக்கிறது?" என்றார் இராசதுரை.

"ஏதும் நோய் வருத்தத்துக்குச் செய்ததா இருக்கும் அப்பா. கேட்டுப் பாப்பம்."

"அந்த இடத்தில என்ன வருத்தம்?"

சொல்லிவிட்டு அவசரமாகப் பின்வளவுக்குப் போனார். சலரோகம் என்ற நீரிழிவுக்காரர். மணித்தியாலத்துக்கு மூன்று தரம் போவார். போனால் வரச் சுணங்கும்.

பின்னேரம் இரத்தினசிங்கம் தானாகவே வந்தான். கதிரை நுனியில் பக்குவமாக இருந்தான்.

"ஒளிக்க ஒண்டுமில்லை மாமா. முன்தோல் இறுக்கம். பின்னுக்குப் போகாது. சலம் போகேக்க நோ, அடிக்கடி புண். சின்னனில ஆரோ ஒரு நாட்டுப் பரியாரி பலவந்தமா இழுத்துவிட்டவராம். அது வெடிச்சுத் தழும்பாப் போச்சு. குழந்தைப் பிள்ளையளுக்கு அது ஒட்டித்தான் இருக்குமாம், வளர வளரத் தானா விடுமாம், இழுக்கவே கூடாதாம். டொக்டர் சொன்னவர். எனக்கு மருந்து பூசிப் பாத்தும் சரிவரேல்லை. கலியாணத்துக்கு முன்னம் சுகமாகவேணும் எண்டுதான் வெட்டினது."

குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற பூரணிக்கு முகம் சூடேறியது. ஆனாலும் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

"எங்கட பரம்பரையில ஒருத்தரும் வெட்டினதில்லை. வெட்டாமலே பிள்ளை பெத்தனாங்கள்" என்றார் இராசதுரை.

"இது பிள்ளை பெறுறதுக்கு இல்லை மாமா, நோவுக்கு..."

"என்னை மாமா எண்டு கூப்பிட வேண்டாம். சைவப் பிள்ளைக்கு என்ன வெட்டு? நொந்தால் பொறுக்கவேணும். பொறுக்கிறவன்தான் ஆம்பிளை."

அடுத்த நாளே, கலியாணம் இல்லை என்று இரத்தினசிங்கத்தின் தகப்பனுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போனது. அதன் பிரதியை இராசதுரை கோயில் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். சபையார் மெச்சினார்கள். ஒருவர் மட்டும், "அந்தப் பெடியனுக்கு இனித் திருநீறு ஒட்டுமோ?" என்று சந்தேகம் கேட்டாராம்.

மூன்று கிழமை கழிந்தது.

"கொழும்பில கந்தோர் அலுவல். ஐஞ்சு நாள் செல்லும்" என்று சொல்லி இராசதுரை புறப்பட்டார்.

மூன்றாம் நாள் காலை, முன்பின் தெரியாத ஒருவர் படலையடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, என்ர பேர் ஜமால்தீன். அக்கரை ஆஸ்பத்திரியில அட்டெண்டன். உங்கட அப்பா எங்கட வாட்டில இரிக்கார்."

"அவர் கொழும்பில எல்லோ?"

"இல்ல பிள்ளை. வாப்பாட பென்சன் பேப்பருக்கு அவர்ர கந்தோருக்கு நாலு தரம் நடந்தனான். எனக்கு அவரைத் தெரியும், அவருக்குத்தான் என்னைத் தெரியாது."

"என்ன வருத்தம்?"

ஜமால்தீன் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "பயப்பட ஒண்டுமில்ல. சலரோகத்தால முன்தோல் இறுகி, சலம் அடைச்சிட்டு. கனநாளா ஆரிட்டையும் காட்டாம வச்சிருந்திரிக்கார். டொக்டர் வெட்டி விட்டிட்டார். சோறு கொண்டுவர ஆளில்லாமக் கிடக்கார். அதுக்குத்தான் வந்தன்."

பூரணி சோறு கட்டினாள். மேசையில் இருந்து ஒரு கடிதம் எழுதினாள். அடுத்த லாஞ்சுப் படகில் அக்கரைக்குப் போனாள்.

"இராசதுரை எண்டு இங்க ஒருத்தரும் இல்லை" என்றாள் நேர்ஸ், புத்தகத்தைப் புரட்டிவிட்டு.

ஜமால்தீன் பூரணியை ஏழாம் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைமாட்டு அட்டையில் 'முஹம்மது தம்பி, வயது 54' என்று இருந்தது. கீழே இராசதுரை படுத்திருந்தார்.

"அவரே சொன்ன பேர்தான்" என்றார் ஜமால்தீன் மெல்ல. "இந்தப் பேர் எண்டால் இந்த முஸ்லிம் ஊரில ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க எண்டு நினைச்சிரிப்பார். அம்பத்திநாலு வயசில சுன்னத்துக்கு வந்த முஹம்மது தம்பியைப் பாக்க ரெண்டு நாளா ஊரே வந்து போகுது."

இராசதுரை சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஆரிட்டையும் சொல்லிப் போடாதை."

"இல்லை அப்பா. சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார். பூரணி சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கடிதத்தை நீட்டினாள். தையில் குறித்த நாளிலேயே கலியாணம் நடக்கும், முந்திய கடிதத்துக்கு மன்னிக்கவும் என்று இரத்தினசிங்கத்தின் தகப்பனுக்கு எழுதியிருந்தாள். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"சபையார் கேட்டால் என்ன சொல்லுறது?" என்றார்.

"அதைப் பிறகு பாப்பம். எந்தப் பேரில கையெழுத்து வைக்கப்போறீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவர் தலைமாட்டு அட்டையைப் பார்த்தார். ஜமால்தீனைப் பார்த்தார்.

பிறகு பேனையை வாங்கி, தன் முழுப் பெயரையும் எழுதி, அதற்குக் கீழே 'செயலாளர், கோயில் சபை' என்றும் எழுதினார்.