பர்மாக்காரியின் பிரசவம்

திரைக்கு உள்ளே பர்மாக்காரி வலியில் கத்தினாள். வெளியே எத்திராஜ் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி பூங்காவனம்.

சென்னீர்குப்பத்திலிருந்து வண்டி கட்டி, அவளைப் பூந்தமல்லி தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததே பூங்காவனம்தான். வாசலில் கம்பவுண்டர் மறித்தார். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குப் பட்டணத்தில் தனியாக இடம் இருக்கிறது, இது சுற்றுப்பட்டு ஜனங்களுக்கு என்றார்.

“எங்க ஊட்ல கீறவ எங்க ஊர்க்காரிதான் சாமி. பாஷை தெரியலன்னா வலிக்காதா?” என்று கேட்டாள் பூங்காவனம்.

கம்பவுண்டர் வழிவிட்டார்.

பர்மாக்காரியின் பெயர் மா கின். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்த எத்திராஜ், கூடவே அழைத்து வந்தவள். உடன் வேலை செய்த துலுக்கானத்தின் பெண்டாட்டி, அவன் வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டான், வயிற்றுப்பிள்ளைக்காரியை நட்டாற்றில் விட மனசு வரவில்லை என்றான்.

ஊரே அவனை மெச்சியது. பூங்காவனமும் மெச்சினாள், பாவி. தன் நல்ல புடவையை எடுத்துக் கொடுத்தாள். தன் சோற்றில் பாதியைப் போட்டாள்.

டாக்டரம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். குழந்தை அசைவது தெரிகிறதா என்று கேட்கச் சொன்னார்.

எத்திராஜ் திரையைப் பார்த்துப் பர்மா பாஷையில் கேட்டான். உள்ளேயிருந்து மூச்சுத் திணறலோடு பதில் வந்தது.

“லேசா தெரியுதாங்க” என்று தமிழில் சொன்னான்.

இதற்கு முன்னால் பிரசவம் ஆகியிருக்கிறதா, எப்படி ஆனது என்று டாக்டரம்மா அடுத்துக் கேட்டார்.

“ஒண்ணு ஆச்சுங்க. கால்தான் மொதல்ல வந்துது. ஆம்பளப் புள்ள, மூணாம் நாள் பூட்டான். ரத்தம் நிக்காம ரொம்பத் தவிச்சிப் பூட்டா” என்று எத்திராஜ் உடனே சொன்னான்.

பூங்காவனம் பர்மா பாஷைக்காகக் காத்திருந்தாள். அது வரவே இல்லை. அவன் திரைப்பக்கம் திரும்பக்கூட இல்லை.

துலுக்கானம் சொல்லியிருப்பான் என்று தன்னையே சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தாள். ஆம்பிளைகள் இதையெல்லாமா பேசிக்கொள்வார்கள்? அப்படியே பேசினாலும், எவனோ பெற்ற பிள்ளைக்கு இவன் கண் ஏன் கலங்குகிறது?

பூங்காவனத்தின் மகள் தாட்சாயிணி பிறந்தபோது எத்திராஜ் ரங்கூனில் இருந்தான். அவளுக்குத் தலை முதலில் வந்ததா கால் வந்ததா என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.



டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். குழந்தை மாட்டிக்கொண்டிருக்கிறது, ஆயுதம் போட்டு இழுத்தால்தான் தாயாவது பிழைப்பாள், அவள் புருஷன் சம்மதம் இல்லாமல் கைவைக்க முடியாது, இல்லையென்றால் இப்போதே பட்டணத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

“அவரு செத்துட்டாருங்க.” எத்திராஜ் கும்பிட்ட கையோடு சொன்னான். முகத்தில் ஈயாடவில்லை.

பூங்காவனம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பட்டணம் போகும் மாட்டுவண்டி மதுரவாயல் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஊரில் அவன் உத்தமன், இவள் புண்ணியவதி. வீட்டில் பழையபடி ஒரே பெண்டாட்டி. அந்த ஆசை அவளுக்கு வரத்தான் செய்தது. செத்து ஒழியட்டும் என்று மனசாரச் சபித்தாள்.

உள்ளே கத்தல் அடங்கி முனகலாகிவிட்டது.

எத்திராஜ் அதைக் கேட்டுக்கொண்டு கல்லுப்பிள்ளையாராக நின்றான். தன்னை நம்பி இத்தனை தூரம் நடந்து வந்தவள் சாகக் கிடக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. அவள்மேல் வந்த ஆத்திரத்தைவிட இவன்மேல் வந்த அருவருப்புதான் பூங்காவனத்துக்குத் தாங்கவில்லை.

“புருஷன் சாவல டாக்டரம்மா. தோ, நின்னுகினு கீறாரு.”

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆயுதம் போடலாமா என்று எத்திராஜைக் கேட்டார்.

அவன் பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்தான்.

சரி என்று தலையாட்டியதும் அவள்தான்.