கண்ணை மூடிய பூனை

சோபா மறுபடியும் நனைந்திருந்தது. மருமகள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பூனை சிறுநீர் கழிக்கவென்று வைத்த தட்டில் மண்ணை மாற்றியாயிற்று, தட்டையே மாற்றியாயிற்று, வைத்த இடத்தையும் மாற்றியாயிற்று. பூனைதான் மாறவில்லை. ஜன்னலோரம் கண்ணை மூடிப் படுத்திருந்தது.

“செய்யறதையும் செஞ்சுட்டு நடிப்பு வேற. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? இன்னிக்கே உன்னை அக்கா வீட்ல விட்டுட்டுத்தான் மறுவேலை.”

“வாயில்லா ஜீவன்மா,” என்றார் மாமனார். பூனை பக்கத்தில் வந்தாலே காலைத் தூக்கிக்கொள்கிறவர் அவர். “இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே.”

“முடியல மாமா. தேய்ச்சுத் தேய்ச்சு என் கையே நாறுது. வீட்டுக்கு ஒருத்தரைக் கூப்பிட முடியல. ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்.”

மாலையில் பூனை கூடையில் ஏறிப் போனது.

மறுநாள் காலை அக்காவின் ஃபோன். “சமத்துப் பூனைடி. வந்ததுலேருந்து தட்டுலதான் போகுது.”

ஃபோனைக் காதில் வைத்தபடியே மருமகள் கூடத்துக்கு வந்தாள்.

சோபா நனைந்திருந்தது. எதிர் நாற்காலியில் மாமனார் கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இமைகள் நடுங்கின.

அவள் குரலை உயர்த்தினாள். “என்னக்கா, ராத்திரியே தப்பிச்சுடுச்சா? அதானே பார்த்தேன். இங்க வந்து வேலையைக் காட்டிட்டுப் போயிருக்கு.”

“உளறாதடி. என் மடியிலதான் தூங்குது.”

“சரிக்கா, சாயங்காலம் வந்து தூக்கிட்டு வந்துடறேன்,” என்றவள், தானும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.