மேகத்துக்கு மேலே பிறை

பள்ளிவாசல் மினாராவில் ஒரு புறா இருந்தது. எதிரே இருந்த தென்னையில் ஒரு காகம். நோன்பு மாதம் முழுவதும் இரண்டும் வாதிட்டன.

"வேதத்தை நம்பாதவன்கிட்ட வேதத்தையே சாட்சியா காட்டுறீங்களே, பாய்" என்று காகம் சிரிக்கும்.

"உங்க கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா, தோழர்?" என்று புறா கேட்கும்.

மறுநாளும் இதே பேச்சுதான்.

இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் மேகம் மூடிக்கொண்டது. பிறை தெரிந்தால் நாளை பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. நோன்பில் சோர்ந்துபோன மினாராப் புறாக்கள் எல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

காகம் நனைந்த சிறகோடு வந்து இறங்கியது. "பிறை இருக்கு, பாய். மேகத்துக்கு மேலே போய்ப் பார்த்தேன்."

"நம்பிக்கை இல்லாதவர் சாட்சி செல்லாது" என்றன மற்ற புறாக்கள்.

"அப்ப நீங்களே வந்து பாருங்க."

மினாராவைத் தாண்டிப் பறந்தறியாத அந்தப் புறா எழும்பியது. மேகத்துக்குள் எதுவும் தெரியவில்லை, மூச்சு முட்டியது. முன்னால் கேட்ட காகத்தின் குரலைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறியது. மேகம் விலகியதும், நகக்கீற்றுப் போலப் பிறை.

"பார்த்தீங்களா பாய், கடைசியில கண்தான் ஜெயிச்சது!"

"பார்க்கிறதுக்கு முன்னாடியே இவ்வளவு உயரம் வந்துட்டேனே, தோழர். உங்க வார்த்தையை நம்பித்தானே?"

காகம் சிரித்துவிட்டுப் புறாவின் பக்கத்தில் வந்து சிறகை விரித்தது.

இரண்டும் சேர்ந்தே இறங்கின.

"பிறை தெரிஞ்சிடுச்சு! நாளைக்குப் பெருநாள்!"

ஊருக்கே கேட்கும்படி முதலில் கத்தியது காகம்தான்.