செம்பு டயல்

ஹேமாவதி நீட்டிய செல்போனைப் பார்த்ததும் தீனாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது.

சோழவரத்தில் பழைய கார்களுக்கு ஒயரிங் செய்யும் கடை அவனுடையது. எந்த மீட்டர் போர்டைக் காட்டினாலும் வண்டி, வருடம் எல்லாம் சொல்லிவிடுவான். போட்டோவில் இருந்தது பழைய மோரிஸ் காரின் மீட்டர். அதுவும் செம்பு நிற டயல்! பழைய கார்ப் பைத்தியங்கள் அதற்கு ஓர் ஆட்டோவின் விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள்.

“கும்மிடிப்பூண்டில கம்பெனி கேன்டீன் வெச்சினுக்கீறேன் தம்பி. எங்க மாமனாரு ஓட்ன வண்டி இது. மீட்டர்ல ஒரு முள்ளுகூட அசைய மாட்டேங்குது. இது இன்னா மீட்டருன்னாச்சும் தெரியுதா?”

தீனா உதட்டைப் பிதுக்கினான். “சாதா மீட்டருக்கா. எவனோ கைக்குக் கெடச்சத மாட்டி வெச்சுக்கீறான். குப்ப.”

“ஐயையோ! அப்போ புச்சு போடணுமா? அவ்ளோ டப்புக்கு நான் எங்க போவேன்?”

“நல்லா ஓடுற மீட்டர் ஒண்ணு என்னாண்ட கீதுக்கா. நானே வந்து மாட்டித் தரேன். ஒரு பைசா வேணாம். அந்தக் குப்பைய மட்டும் எடுத்துக்கினு போயிடுறேன்.”

ஹேமாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. “நீ நல்லா இருக்கணும் நைனா.”

மறுநாள் காலை முதல் ஆளாகக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினான் தீனா. பையில், ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த கறுப்பு டயல் மீட்டர். அதைக் கொடுக்கக் கொஞ்சம் வயிறு எரிந்தது. ஆனால் செம்பு டயலை நினைத்ததும் எரிச்சல் போய், நடுரோட்டில் ஆடலாம் போலிருந்தது.

ஷெட்டில் ஒரு விரற்கடைத் தூசியோடு நின்றது மோரிஸ். தீனா முதல் வேலையாகச் செம்பு டயலைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். இரண்டாம் முறை அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகுதான் தெரிந்தது, உள்ளே ஒயர் என்று எதுவுமே மிச்சமில்லை. எலிகள் விருந்து வைத்திருந்தன. தீனா அசரவில்லை. பெட்ரோல் டேங்க் மிதவைக்கு ஒரு ஒயர், பேட்டரிக்கு ஒன்று, டயல் விளக்குக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் புதிதாக இழுத்தான். சுவிட்சைப் போட்டதும் பெட்ரோல் முள் சோம்பல் முறித்து மெல்ல எழுந்தது.

ஹேமாவதி சின்னப் பெண் மாதிரி கைதட்டினாள். “எழுந்துக்கிச்சுப்பா! அப்பிடியே அந்த ஹாரனையும் பாத்துடேன்.”

பார்த்தான். அப்புறம் வைப்பர். அப்புறம் பிரேக் லைட். கேட்டதையெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தான். வண்டியையே கழுவச் சொல்லியிருந்தாலும் கழுவியிருப்பான்.

மத்தியானம் வாழை இலை போட்டு, பழவேற்காட்டு இறாலை வறுத்து மலைபோல் குவித்தாள் ஹேமாவதி. “என் கூடப் பொறந்தவன்கூட இப்பிடி ஓசில ஒழைக்க மாட்டான். துன்னு.”

மூன்றாவது இறாலில் தீனாவின் மனசாட்சி லேசாக முனகியது. சொல்லிவிடலாமா? ‘அக்கா, இது குப்பை இல்ல, பொக்கிஷம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஐந்தாவது இறாலில் முனகல் அடங்கிவிட்டது.

கிளம்பும்போது பயத்தில் வியர்த்தது. கடைசி நேரத்தில் ‘பையைத் திற’ என்று சொல்லிவிடுவாளோ? வாசல்வரை வந்த ஹேமாவதி சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

“தம்பி!”

“இன்... இன்னாக்கா?”

“அந்தக் குப்பைய மறக்காம எடுத்துக்கினியா?”

ஸ்டேஷன்வரை தீனா நடந்ததாக ஞாபகமில்லை. பறந்திருக்க வேண்டும். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, துண்டைப் பிரித்து, டயலைப் போட்டோ எடுத்துச் செங்குன்றம் சாம்சனுக்கு அனுப்பினான். பழைய கார் சாமான்களை வாங்கி விற்பவர் சாம்சன். அடுத்த நிமிடமே போன் வந்தது.

“எங்கடா கீற?”

“கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன்லண்ணே. இன்னா வெல போடுவ, சொல்லு!”

“மொதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டி, டயல நகத்தால சொரண்டு.”

தீனா சிரித்துக்கொண்டே சுரண்டினான். செம்பு, பொடிப்பொடியாக நகத்தோடு வந்தது. அடியில், எந்தக் காயலான் கடையிலும் கிடைக்கிற சாதாத் தகரம்.

“பெயின்ட்டுடா. இந்த மாசத்துல இது நாலாவது. முன்னாடி வந்த மூணு பேரும் ஒன்ன மாதிரியேதான் பல்லக் காட்டிக்கினு வந்தானுங்க. எவனோ பெரிய கில்லாடி உக்காந்து செஞ்சினுக்கீறான்.”

தீனா நகத்தையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “அண்ணே... என்னுது... ஓடுற மீட்டரு...”

“இரு இரு, இன்னொரு போன் வருது. வெச்சுடாத.”

ரயில் வந்து நின்றது. தீனா ஏறவில்லை. சாம்சன் உற்சாகமாக மறுபடி லைனுக்கு வந்தார்.

“போனாப் போவுது வுடு தீனா, நீ அங்க இருக்கறதும் நல்லதாப் போச்சு. கேன்டீன் ஹேமாவதிக்கா கைல கறுப்பு டயல் மீட்டர் ஒண்ணு, சூப்பரா ஓடுறது, இப்பத்தான் வந்துச்சாம். அப்பிடியே ஒரு நட போயி எனக்காக வாங்கினு வந்துடேன்.”