அவனுக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்

அன்றைக்கும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சுலோஜனா கியரைப் பார்க்கில் வைத்து, பிரேக்கை மிதித்து, பத்துத் தடவை சாவியைத் திருப்பிவிட்டாள். டவுனில் கிடைத்த வேலையில் சேர அன்றுதான் கடைசி நாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கணவன் சதீசன் இருந்திருந்தால் ஒரே திருப்பில் ஸ்டார்ட் செய்திருப்பான். “கார்ல பிழையில்ல, உனக்குத்தான் ஓடத் தெரியாது. பேசாம வீட்டில இரு” என்பான். மூன்று மாதமாக இதே பேச்சு. இப்போது அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

அவன் கொழும்பில் நின்றதால், காரில் ஒட்டியிருந்த கராஜ் நம்பருக்கு அழைத்தாள். காத்தான்குடியிலிருந்து மெக்கானிக் நிஸ்தார் மோட்டார்சைக்கிளில் செட்டிபாளையத்துக்கு வந்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிச் சாவியைத் திருப்பினார். கார் உடனே உறுமியது.

“கியர் எதில நிக்குதெண்டு அறியிற சென்சருக்குள்ள வெள்ளத் தண்ணி போயிட்டு, தங்கச்சி. பார்க்கில வெச்சா அதுக்குத் தெரியிதில்ல, அதால எஞ்சின் எடுக்காது. நியூட்ரல்ல எடுக்கும்.”

“அப்ப பிழை என்னில இல்லையா?”

“உங்களில என்ன பிழை? மூணு மாசத்துக்கு முதலே சதீசன் சேருக்கு இந்த நியூட்ரல் வழியக் காட்டினனே. புதுச் சென்சர் போடுவம் எண்டன், வேணாம் எண்டுட்டார். உங்களுக்குச் சொல்லல்லையா?”

சுலோஜனா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

“நாளைக்கே புதுச் சென்சரக் கொண்டந்து போடுங்க, நிஸ்தார் நானா” என்று சொல்லிவிட்டு, டவுன் பக்கம் காரைத் திருப்பினாள்.