நாலு அங்குலம்

"முடியலடா. முட்டி மடங்கவே மாட்டேங்குது" என்று அம்மா ஜீப்பின் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அது மூன்றாவது முயற்சி. வலது காலைத் தூக்கியதுமே முகம் சுருங்கிப் போயிற்று.

மகன் ஓடிவந்து அவளைத் தாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான்.

பட்டறை வாசலில் ஜீப் நான்கு மரக்கட்டைகளின்மேல் நின்றிருந்தது. அது அந்த மெக்கானிக்கின் வழக்கம். வண்டியை உயர்த்தச் சொல்லி யார் வந்தாலும் உடனே ஸ்பேனரை எடுத்துவிட மாட்டார். எத்தனை அங்குலம் கேட்கிறார்களோ அத்தனை அங்குலத்துக்குச் சக்கரங்களின் அடியில் கட்டை கொடுத்து, வீட்டு ஆட்களை ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்வார். பேச்சு அதற்கப்புறம்தான்.

"ஏற்கனவே ரெண்டு அங்குலம் ஏத்தின வண்டி. இப்ப இன்னும் நாலு. அம்மாவுக்குக் கஷ்டம்தான் தம்பி" என்றார் மெக்கானிக்.

மகனுக்கு நெஞ்சு இரண்டு பக்கமும் இழுத்தது. ஜீப் ஓட்டும் நண்பர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'தரைதட்டி'. போன மாதம் ஆற்றைக் கடக்கும்போது நடுப்பாறையில் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது. கயிறு கட்டி இழுத்தவர்களைவிட வீடியோ எடுத்தவர்கள்தான் அதிகம். நாலு அங்குலம் ஏற்றிவிட்டால் அந்தப் பெயர் ஒழிந்துவிடும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே.

அப்பா போனபிறகு அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அவன் ஆரம்பித்தது அது. ஞாயிறு காலை நாலரைக்கு எழுப்புவான். பிளாஸ்க்கில் காபி. கல்லும் குழியுமாக ஒன்றரை மணி நேரம் குலுங்கி மலைமேல் போய், சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டு வருடத்தில் அம்மா ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. அவனுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

"என்னைப் பத்தி யோசிக்காதடா. நீ தூக்கிடு" என்றாள் அம்மா.

"நீ இல்லாம நான் மட்டும் போய் சூரியனை என்னம்மா பண்றது?"

"ஒரு மடக்குப்படி வச்சுட்டா போச்சு" என்றார் மெக்கானிக். "கதவுக்குக் கீழ மாட்டித் தரேன். அம்மா ராணி மாதிரி ஏறலாம்."

"படியெல்லாம் வேணாம்பா" என்றாள் அம்மா அவசரமாக. "பாறையில இடிச்சு அதுவே முதல்ல பிஞ்சு விழும்."

"அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்று மெக்கானிக் சிரித்தார். "சரி தம்பி, ஸ்ப்ரிங் செட்டு உள்ள இருக்கு. பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பார்க்கறதுக்குக் காசு இல்ல." அதோடு வந்த சின்னப் புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்தார். "நீங்க இதைப் பொரட்டிட்டிருங்கம்மா."

"கண்ணாடி இல்லாம எனக்கு எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும். பை பின்சீட்டுல இருக்குடா."

"ரெண்டு நிமிஷம்மா, வந்து எடுத்துத் தரேன்."

வேலையாட்களுக்கு அன்று லீவு. மெக்கானிக்கே ஷட்டரைத் தூக்கி அவனை உள்ளறைக்கு அழைத்துப் போனார். சிவப்பு வண்ணத்தில் புத்தம்புது ஸ்ப்ரிங்குகள், பக்கத்தில் தடித்தடியாக ஷாக் அப்சார்பர்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். குழந்தையைப் போலக் கனத்தது. கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனாலும் வைத்துவிட்டான்.

வெளியே வந்தபோது அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருடா, மூணு வருஷம் வாரண்டியாம். பொடி எழுத்துல போட்டிருக்கான். நல்ல சாமான்தான், மாட்டிடு."

"வேணாம்மா" என்றான் அவன். "அண்ணே, கட்டையை எடுத்திடுங்க. எங்கம்மா ஏற முடியாத வண்டி எனக்கு எதுக்கு? தரைதட்டின்னே கூப்பிட்டுட்டுப் போறானுங்க."

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. மகனின் ஆசை தன்னால் கெட்டதே என்று வருந்துகிறாள் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். குனிந்து அவள் தோளில் கை வைத்தான்.

"நாளைக்கு இன்னும் அரைமணி முன்னாடியே கிளம்பலாம்மா. அந்தக் கரடுமுரடு ரூட்ல போவோம்."

அம்மா அண்ணாந்து பார்த்தாள். அவள் மூக்கின்மேல் கண்ணாடி இருந்தது.

அவன் கை தோளிலேயே நின்றது. அம்மாவின் காலடியில் பை. ஜீப் இன்னும் கட்டைகளின்மேல்தான் நின்றிருந்தது. அதற்குப் பின்கதவு கிடையாது. முன்பக்கம் ஏறி, சீட்டைச் சாய்த்து, உள்ளே தவழ்ந்து போனால்தான் பின்சீட்டைத் தொட முடியும்.

"பையை யாரும்மா எடுத்துக் குடுத்தா?"

"நான் உங்ககூடதானே தம்பி இருந்தேன்" என்றார் மெக்கானிக்.

அம்மா கண்ணாடியை நிதானமாகக் கழற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"ஞாயித்துக்கிழமையாவது என்னைத் தூங்க விடேன்டா."